மூணாவது பாகம், மக்கள்

ஏனுங்க அம்மணி, தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க போன்ல பேசுனது காதுல விழுந்துருச்சு. லிலாங்வேன்னீங்கல்ல? மலாவிதானுங்களே? ஊட்டுக்காரருங்களா அங்க? போர் போடற ரிக்குலயா? அப்பிடிச் சொல்லுங்க. போயி மூணு மாசந்தான் ஆச்சுங்களா. நான் நாலு வருசம் இருந்தனுங்க. டிரில்லரு. சென்னியப்பன்னு பேரு. நான் சங்ககிரில எறங்கிருவேன். நீங்க சேலமா? சரி சரி. பைய மடியில வெச்சுக்கோங்க, அந்தப் பக்கம் வெயிலு அடிக்கும்.

அங்க சனம் எப்பிடின்னுதானே கேக்கறீங்க? சொல்றனுங்க. மொதல்ல வரலாறு சொல்லிர்றேன், அப்பறம் வெளையாட்டு, அப்பறம் மக்கள். அந்த வரிசையிலதான் எனக்குச் சொல்ல வரும்.

ஆப்பிரிக்கா படத்துல பாத்தீங்கன்னா மலாவி ஒரு பாவக்கா மாதிரி நீட்டமா இருக்கும். அஞ்சுல ஒரு பங்கு ஏரி. ஏரின்னா நம்ம எடப்பாடி ஏரின்னு நெனச்சுராதீங்க, அக்கரை தெரியாது, அலை அடிக்கும். நம்மள மாதிரியே அவியளயும் வெள்ளக்காரன்தான் ஆண்டிருக்கான். அப்ப அதுக்குப் பேரு நியாசாலாந்து. தொள்ளாயிரத்துப் பதினஞ்சுல ஒரு பாதிரியாரு, கருப்பரு, தோட்டத் தொரைங்கள எதுத்து எந்திரிச்சாரு. சுட்டுட்டாங்க. இப்ப அவியளோட ரூவா நோட்டுல அவரு படம் இருக்குது. அறுபத்து நாலுல சுதந்திரம். அப்பறம் ஒரு டாக்டரு முப்பது வருசம் ஆண்டாரு. அவரு ஆட்சில பொம்பளைங்க பேண்ட் போடக்கூடாது, ஆம்பளைங்க முடி வளக்கக்கூடாது. தொண்ணூத்து நாலுல ஓட்டுப் போட்டு எறக்கிட்டாங்க.

படிச்ச மாதிரி சொல்றேன்னு பாக்கறீங்களா? எட்டாவது ஃபெயிலுங்க நானு. எல்லாம் என்ற பொண்ணால. தாரணின்னு பேரு. ஒம்பதாவது படிச்சுட்டு இருந்தா. பள்ளிக்கூடத்துல ஒரு வேலை குடுத்தாங்களாம், ஏதாச்சும் ஒரு ஆப்பிரிக்க நாட்ட அறிமுகம் பண்ணி எழுதிட்டு வாங்கன்னு. வரலாறு, வெளையாட்டு, மக்கள், மூணு பாகம். மத்த புள்ளைங்க எல்லாம் போன்ல தேடி எழுதுமாம். இவ மட்டும், "எங்கப்பா அங்கதான் இருக்காரு, நான் அவரையே கேட்டு எழுதறேன்"ன்னு டீச்சர் கிட்டச் சொல்லிட்டா.

எனக்கு என்ன தெரியும்? எனக்குப் பாறை தெரியும். எத்தன அடில களி, எத்தன அடில கல்லு, அது தெரியும். நம்மூருல ஆயிரத்தி எரநூறு அடி போனாலும் பொகதான் வருது. அங்க நூத்தம்பது அடில தண்ணி பீச்சிட்டு வரும். பொம்பளைங்க எல்லாம் அதுல நனஞ்சுட்டே ஆடுவாங்க. அது ஒண்ணுதான் எனக்கு அந்த நாட்டப் பத்தித் தெரியும்.

அதனால எஸ்னாத் டீச்சரக் கேட்டேன். என்ச்சேயுன்னு ஒரு ஜில்லா. லிலாங்வேல இருந்து ரிக்கு வண்டில நாலு மணி நேரம். அங்க ஒரு பள்ளிக்கூட மைதானத்துலதான் எங்களுக்கு கேம்ப். அங்கிருந்து சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் போயி போர் போட்டுட்டு வருவோம். அந்தப் பள்ளிக்கூடத்து டீச்சரு அந்தம்மா. நாப்பது வயசு இருக்கும், நல்ல ஒசரம், சத்தமா சிரிக்கும். என்னைய "பாம்போ"ன்னு கூப்பிடும். அப்பான்னு அர்த்தம், மரியாதைக்கு எல்லா ஆம்பளையயும் அப்பிடித்தான் கூப்பிடுவாங்க. அந்தம்மா இங்கிலீசுல சொல்லும், பாதி புரியும் எனக்கு. ஞாயித்துக்கெழமயானா நான் அதத் தமிழ்ல பேசி வாட்ஸப்புல அனுப்புவேன். "சரிப்பா"ன்னு ஒரு வார்த்த வரும். அவ்வளவுதான் அவளும். என்னைய மாதிரி, பேச்சு கம்மி.

வெளையாட்டுன்னா அங்க நெட்பாலுங்க. பொம்பளப் புள்ளைங்க ஆடறது. நம்ம கூடைப்பந்து மாதிரிதான், ஆனா வளையத்துக்குப் பின்னால பலகை கெடையாது, பந்தத் தட்டிட்டு ஓடக்கூடாது. பந்து கையில வந்துருச்சுன்னா நின்ன எடத்துல நிக்கோணும். மூணு எண்ணறதுக்குள்ள இன்னொருத்திக்கு வீசிரோணும். ஒரு டீமுக்கு ஏழு பேரு. மலாவி பொண்ணுங்க ஒலகத்துலயே அஞ்சாவது எடம் வரைக்கும் வந்திருக்காங்கன்னு டீச்சர் சொல்லுச்சு. அந்த ஊர்ப் புள்ளைங்க வெறுங்காலோட மண்ணுல ஆடும். வளையம் இல்ல, கம்புல சைக்கிள் டயரக் கட்டி வெச்சிருந்தாங்க. வீடியோ எடுத்து அனுப்புனேன். தாரணி கேட்டா, "அப்பா, நீங்கதான் வெல்டிங் பண்ணுவீங்கல்ல, ஒரு வளையம் பண்ணிக் குடுத்தா என்ன?"

பண்ணுனேன். பத்து எம்எம் கம்பி கெடந்துச்சு. வளச்சு, பத்த வெச்சு, பழைய கேசிங் பைப்புல நட்டுக் குடுத்தேன், ரெண்டு பக்கமும். அர நாளு வேலை. அந்தப் புள்ளைங்க அன்னிக்கு என்னையத் தூக்காத கொறதான்.

அந்த ரெண்டு பாகமும் எழுதி முடிச்சுட்டா. "மக்கள் எப்பப்பா?"ன்னு கேட்டா. "ஞாயித்துக்கெழம"ன்னேன். அப்பவே காய்ச்சல்னு அவங்கம்மா சொன்னா. பப்பாளி எலைச்சாறு குடுன்னேன். டெங்குங்க. ஈரோட்டுல சேத்தாங்க. அஞ்சு நாளு. வியாழக்கெழம போயிட்டா.

பரவால்லீங்க. நீங்க எதுக்கு அதெல்லாம் சொல்லிட்டு. ரெண்டு வருசமாச்சு.

நான் சொல்ல வந்தது அந்த சனத்தப் பத்தி. அவியளுக்கு எழவுன்னா எழவுதான், வேற ஒண்ணும் ஓடாது. அதுக்கு முந்தின வருசம் அந்த ஊருல ஒரு பெரியவரு செத்துட்டாரு. எங்களுக்கு அதுல என்னங்க? அவரு ஊடு எங்கயோ இருக்குது, நாங்க எங்கயோ ஓட்டை போடறோம். ஊர்த் தலைவரு வந்து, ரிக்குக்குக் காத்தடிக்கற கம்ப்ரசர நிறுத்துன்னுட்டாரு. ரெண்டு நாளு. குழிக்குள்ள ராடு எறக்குனது எறக்குனபடி நிக்குது. நான் டீச்சர கூட்டிட்டுப் போயி சண்ட போட்டேன். "தண்ணிக்குத்தானே தோண்டறேன், செத்தவரு கோவிச்சுக்குவாரா?"ன்னேன். அந்தம்மா தலைவர் கிட்ட அதச் சொல்லவே இல்ல. என்னையப் பாத்து, "பாம்போ, தண்ணி நாளைக்கும் மண்ணுக்குள்ளதான் இருக்கும்"னுச்சு. சோம்பேறிங்கடான்னு எங்க கம்ப்ரசர் டிரைவரு லாக்சன் கிட்டத் திட்டுனேன். லாக்சன் அந்த நாட்டுக்காரரு, என்ற வயசுதான். கம்ப்ரசரத் தொடச்சுட்டு இருந்தாரு.

தாரணி போன அன்னிக்கு எனக்கு காலைல ஒம்பது மணி. நம்மூருல பன்னண்டரை. என்ற மச்சான் மாதேசுதான் கூப்பிட்டான், சம்சாரத்தோட தம்பி. ரிக்கு ஓடிட்டு இருக்குது, காது கேக்கல. தள்ளிப் போயி நின்னு பேசுனேன். சொன்னான். அப்பறம், "மாமா, நாலு மணிக்கு எடுக்கலாங்கறாங்க. நீங்க வர்றதா இருந்தா ஐஸ் பொட்டில வெச்சுக்கறோம். அக்கா நீங்க வரோணுங்குது"ன்னான்.

கணக்குப் போட்டுப் பாத்தேன். அன்னிக்கே கெளம்புனாலும் ரெண்டு நாளு. ரெண்டு நாளு புள்ளைய பொட்டில போட்டு வெக்கறதுங்களா? "வேண்டாம், எடுத்துருங்க"ன்னேன். நான் பேசுனது எனக்கே நல்லாக் கேட்டுச்சு. மாதேசு, "ஒரு நிமிசம் அக்கா கிட்டப் பேசுங்க"ன்னான். போன் கை மாறுற சத்தம் கேட்டுச்சு. அவ மூச்சு மட்டும் வந்துச்சு. நானும் ஒண்ணும் பேசல. பின்னால ரிக்கு ஓடற சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும். அப்பறம் லைன் கட்டாயிருச்சு.

மாதேசு ஆபீசுக்கும் சொல்லியிருப்பான் போல, லிலாங்வேல இருந்து மேனேஜரு கூப்பிட்டாரு. நல்ல மனுசன். "சென்னி, டிக்கெட் போட்டர்றேன், கெளம்புங்க"ன்னாரு. "நாலு மணிக்கு எடுத்துர்றாங்க சார், போயி என்ன பண்ண?"ன்னேன். மழைக்கு முன்னால ஏழு போர் பாக்கி இருந்துச்சு. மழ எறங்கிட்டா ரிக்கு வண்டி சேத்துல பொதைஞ்சுரும், அப்பறம் நாலு மாசம் ஒண்ணும் பண்ண முடியாது. நான் முடிச்சுட்டு வந்தர்றேன்னேன். அவரும் சரின்னுட்டாரு.

நீங்களே சொல்லுங்க, போயிருந்தா மட்டும்?

அப்பிடியே வந்து ராடுகிட்ட நின்னேன். தொண்ணூறு அடில இருந்தோம், களிமண்ணு, நிறுத்துனா ராடு நுனில இருக்கற ஹேமரு சிக்கிக்கும். லாக்சன் என்ற மூஞ்சியப் பாத்துட்டு என்னன்னு கேட்டாரு. சொன்னேன். நேரா போயி கம்ப்ரசர நிறுத்திட்டாரு. சாவிய சட்டப் பையில போட்டுட்டாரு. நாலு வருசத்துல என்ற பேச்ச மீறுனது அந்த ஒருக்காதான். "ஹேமர் போயிரும்யா, குடு சாவிய"ன்னேன். "இன்னிக்கு இல்ல பாம்போ"ன்னாரு.

கேம்புக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க. மைதானத்துல அன்னிக்கு பக்கத்து ஊரோட மேட்ச் நடந்துட்டு இருந்துச்சு. லாக்சன் போயி எஸ்னாத் டீச்சர் காதுல சொன்னாரு. அந்தம்மா விசில ஊதி மேட்ச நிறுத்திருச்சு. வேடிக்க பாக்க வந்த சனம், ஆடுன புள்ளைங்க, பக்கத்து ஊருக்காரங்க, எல்லாரும் ஊட்டுக்குப் போனாங்க. சரி, கலஞ்சுட்டாங்கன்னு நெனச்சேன். ஒரு மணி நேரம் இருக்கும். இடுப்புல துணியச் சுத்திட்டு, தலைல மாவு, வெறகு எல்லாம் வெச்சுட்டு வரிசையா வர்றாங்க. மெதுவா பாடிட்டே வர்றாங்க. என்ற கூடாரத்துக்கு முன்னால பொம்பளைங்க எல்லாம் தரையில உக்காந்துட்டாங்க. ஆம்பளைங்க தள்ளி மரத்தடில. தலைவரும் வந்துட்டாரு. ஒவ்வொருத்தரா வந்து என்ற கையப் புடிச்சு "பெப்பானி"ன்னாங்க. வெசனப்படாதீங்கன்னு சொல்ற மாதிரி. அவியள்ல ஒருத்தரும் தாரணியப் பாத்ததில்ல.

போட்டோ இருக்கான்னு டீச்சர் கேட்டுச்சு. போன எடுத்துக் குடுத்தேன். பள்ளிக்கூட யூனிபாரத்துல ரெட்ட ஜடையோட நிக்கறா. ஒரு பொம்பள பாத்துட்டு பக்கத்துல இருக்கறவங்களுக்குக் குடுக்கறா. அவங்க பாத்துட்டு அடுத்தவங்களுக்கு. நாப்பது பேருக்கு மேல இருக்கும். ஒவ்வொருத்தரும் நிதானமாப் பாக்கறாங்க, ஒரு கெழவி தடவிப் பாக்குது. அழுவறாங்க. போன் திரும்பி என்ற கைக்கு வர்றப்ப கண்ணாடில எல்லாம் சோள மாவு. நான் சார்ஜ் எவ்வளவு இருக்குதுன்னு பாத்தேன். பதினேழு.

எனக்கு அழுக வரலீங்க. எல்லாரும் என்ற மூஞ்சியப் பாக்கறாங்க, வந்திருந்தாத் தேவலைன்னு இருந்துச்சு. ஹேமரப் பத்தித்தான் நெனப்பு. மத்தியானத்துக்கு மேல எந்திரிச்சு ரிக்குப் பக்கம் நடந்தேன். யாரும் தடுக்கல. தலைவரு எந்திரிச்சாரு, எழுவது வயசுக்காரரு, கம்ப ஊனிட்டு என்ற கூடவே நடந்து வந்தாரு. ரிக்குகிட்ட நான் நின்னேன், அவரும் நின்னாரு. சாவி லாக்சன் கிட்ட. கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் அந்த இரும்பப் பாத்துட்டு நின்னோம். திரும்பி நடந்தேன், அவரும் திரும்பி நடந்தாரு. என்ன மனுசனோ.

மூணு நாளுங்க. மூணு நாளும் பொம்பளைங்க போகல. அங்கயே சமைச்சு, அங்கயே படுத்து எந்திரிச்சாங்க. என்னையத் தனியா விட மாட்டேனுட்டாங்க. ஹேமரு நெசமாலுமே சிக்கிருச்சு, எடுக்கறதுக்கு ஒரு நாள் ஆச்சு. சொன்னேனே அப்பவே.

அதவிட ஒண்ணு கேளுங்க. நிறுத்துன மேட்ச ஞாயித்துக்கெழம மறுக்கா வெச்சாங்க. காலைல டீச்சர் வந்து, "பாம்போ, ஒங்க பொண்ணு நெட்பால் ஆடியிருந்தா எந்த எடத்துல ஆடியிருப்பா? கோல் போடறவளா, தடுக்கறவளா?"ன்னு கேட்டுச்சு. எனக்குத் தெரியலன்னேன். "ஒசரமா இருப்பாளா?"ன்னுச்சு. இந்தளவுக்குன்னு கையக் காட்டுனேன். காட்டிட்டுத்தான் நெனச்சேன், அது ரெண்டு வருசத்துக்கு முந்தி நான் ஏர்போர்ட்டுல பாத்த ஒசரம். அதுக்கப்பறம் எவ்வளவு வளந்தான்னு எனக்குத் தெரியாது. டீச்சர் என்ற கையவே பாத்துட்டு இருந்துச்சு. அப்பறம் அத மெதுவா எறக்கி விட்டுச்சு.

மேட்சுக்கு இந்த ஊர்ப் புள்ளைங்க ஆறு பேருதான் எறங்குனாங்க. கோல் போடற ரெண்டு எடத்துல ஒண்ணக் காலியா விட்டுட்டாங்க. தாரணி எடமாம். ஆளு இல்லாம இல்ல, வெளியில மூணு புள்ளைங்க உக்காந்திருக்குது. ஆறு பேர எறக்குனா தோக்காம என்ன பண்ணும்? பதினேழுக்கு பதினாலுன்னு தோத்தாங்க. பக்கத்து ஊருப் புள்ளைங்க ஜெயிச்சுட்டு குதிக்கக்கூட இல்ல. நான் பாதிலயே எந்திரிச்சு வந்துட்டேன். ராடெல்லாம் தொடச்சு கிரீஸ் போட வேண்டி இருந்துச்சு.

ஞாயித்துக்கெழமயா, கை பாட்டுக்குப் போன எடுத்துச்சு. மூணாவது பாகத்தப் பேசுனேன். மக்கள். "மலாவில ரெண்டு கோடி பேரு இருக்காங்க கண்ணு. அமைதியானவங்க. சோளமாவக் களி மாதிரி கிண்டித் திம்பாங்க. சாவுன்னா எல்லா வேலையயும் நிறுத்திருவாங்க. தெரிஞ்சவங்க தெரியாதவங்கன்னு பாக்க மாட்டாங்க. அதனால வேல கொஞ்சம் தாமதமாகும்." ஆறு நிமிசம் பேசி அவ நம்பருக்கு அனுப்பிட்டேன். அனுப்புன ஒடனே ரெண்டு கோடும் நீலமாச்சு. சரிப்பான்னு வரும்னு பாத்துட்டு இருந்தேன். நெசமாலுமே பாத்துட்டு இருந்தனுங்க, கால் மணி நேரம்.

அவ போனு அவங்கம்மா கிட்ட இருந்திருக்குது.

மறுநாள் மாதேசு கூப்பிட்டான். "மாமா, இனிமே அந்த நம்பருக்கு எதும் அனுப்பாதீங்க"ன்னான். சரின்னேன்.

நீங்க எதுக்கு அழுவறீங்க அம்மணி? அட, கண்டக்டரு பாக்கறாரு. இந்தாங்க, தண்ணி குடிங்க. ஒங்களப் பயமுறுத்தறதுக்கா சொன்னேன்? சனம் எப்பிடின்னு கேட்டீங்க, சொன்னேன். நல்ல சனம். ஒங்க ஊட்டுக்காரர நல்லாப் பாத்துக்குவாங்க. அவரு போன் பண்ணாட்டி ரிக்கு ஓடிட்டு இருக்குதுன்னு நெனச்சுக்கோங்க.

வலையக்காரனூர் தாண்டியாச்சா? அப்ப கிட்டத்துல வந்துட்டோம். சங்ககிரில மாதேசு ஊடு. சம்சாரம் அங்கதான் இருக்கறா. மாசம் ஒருக்கா போவேன். மாதேசு டீ குடுப்பான், மழ பேஞ்சுதான்னு கேப்பான். அவ உள்ள இருப்பா. கொலுசு போடறதில்ல, ஆனா நடக்கறது தெரியும். நாலு மணி பஸ்சுக்குத் திரும்பிருவேன். வாங்கன்னும் சொன்னதில்ல, வராதீங்கன்னும் சொன்னதில்ல.

மலாவில இருந்து நான் வந்து சேந்தது மார்கழி மாசம், தாரணி போயி அம்பது நாளுக்கு மேல. ஏழு போர் முடிச்சுட்டு வந்திருக்கலாம். மழ ஒரு வாரம் தள்ளிப் போச்சு, அதனால இன்னும் நாலு. காலைல பதினோரு மணிக்கு ஊட்டு வாசல்ல போயி நிக்கறேன். பொட்டி ரெண்டு கையிலயும். கதவத் தெறந்தா. எளச்சுப் போயிருந்தா. அழுவான்னு நெனச்சேன், ஏசுவான்னு நெனச்சேன். எல்லாத்துக்கும் தயாராத்தான் வந்தேன்.

"எத்தன போர் போட்டீங்க?"ன்னா.

"பதினொண்ணு"ன்னேன்.

உள்ள போயி தன்னோட துணியெல்லாம் பையில எடுத்து வெக்க ஆரம்பிச்சுட்டா. கேட்டா, சொன்னேன், அவ்வளவுதானுங்களே. பதினொண்ணுலயும் தண்ணி வந்துச்சான்னு அவ கேக்கவே இல்லீங்க அம்மணி.

வந்துச்சுங்க. பதினொண்ணுலயும்.